கொட்டகையடி அம்மன்

சிவமயம்

ஸ்காபரோ, ரொறன்ரோ
14.02.1993

அன்புத் தங்கை குணலட்சுமிக்கு,

இங்கே நானும் உன் மச்சாளும் பனிக்குப் பயந்து வீட்டுக்குள் அடைந்து கிடந்தாலும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் மருமகள் அருந்ததியும் செல்லடிக்கும் குண்டுவீச்சுக்கும் தப்பி, நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் நல்லூரானைக் கும்பிடுகிறேன்.

நீ ஐப்பசியில் போட்ட கடிதம் மாசியில்தான் வந்து சேர்ந்தது. நடந்து வந்திருந்தால்கூட இதற்கு முன் வந்திருக்கும். பருத்தித்துறைப் பொன்னம்பலத்தாரின் மகன் குகதாசன் கணக்கு வாத்தியார் என்பதும், சாதகம் பொருந்திவிட்டது என்பதும் பெரிய சந்தோஷம். மச்சான் காலமான பிறகு அருந்ததிக்குத் தகப்பன் இடத்தில் நிற்பவன் நான். சீதனமாக எங்கள் படக்கொட்டகையைத்தான் கேட்கிறார்கள் என்றால் அதையே கொடுப்போம். பொன்னம்பலத்தார் பால்குடி மறந்த நாளிலிருந்து படப் பைத்தியம். அவருக்கு வேறு என்ன கேட்கத் தோன்றும்?

கொட்டகையின் உறுதிப் பத்திரம் என் பெயரில் இருக்கிறது. அருந்ததியின் பெயருக்கு எழுதி அனுப்புகிறேன். அதற்கு முன் கட்டடம் என்ன நிலையில் இருக்கிறது என்று விபரமாக எழுது. நான் எண்பத்தைந்தில் பூட்டித் திறப்பை உன் கையில் தந்தபோது கூரையில் ஓர் ஓட்டை இல்லை. முக்கியமாக, வாசலில் நிற்கும் அம்மாவின் சீமெந்துச் சிலை எப்படி இருக்கிறது? கொட்டகை வாசலில் அழகான பெண் சிலை வைக்கவேண்டும் என்று மேசன் சொன்னபோது, "என்ரை மனுசியை விட ஆர் அழகு?" என்று கேட்டு ஐயா அம்மாவையே செய்வித்தார். அந்த மேசனும் தான் கண்டதை அப்படியே செய்துவிட்டான். ஒரு கையில் இருட்டில் ஆசனம் காட்டும் ரோச்லைற். மற்றக் கை, ரிக்கற் இல்லாமல் நுழைகிறவனை "நில்லடா" என்று மறித்தபடி. அம்மா அந்தச் சிலையோடு ஒரு மாதம் கோபம் போட்டுக்கொண்டு பக்கத்து வாசலால் போய்வந்தது நினைவிருக்கிறதா?

உடனே பதில் போடு.

உன் நலமே நாடும் அண்ணன்
மா. தம்பிராசா

---

சிவமயம்

கரவெட்டி
02.06.1993

அன்புள்ள அண்ணைக்கு,

நானும் அருந்ததியும் சுகம். உங்களுக்கும் மச்சாளுக்கும் குளிர் ஒத்துக்கொள்கிறதா? வேர்க்கொம்பு போட்டுக் கோப்பி குடியுங்கள்.

கொட்டகையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தக் காலத்தில் ஒரு கொட்டகையைப் பற்றி மட்டும் எழுதினால் போதுமா? பள்ளிக்கூடச் சோதனை மேற்பார்வைக்கு என்று என்னை ஊர் ஊராக சைக்கிளில் அலையவிட்டதில் எல்லாக் கொட்டகைகளையும் பார்த்துவிட்டேன். அண்ணை, கரண்ட் இல்லாத ஊரில் படக்கொட்டகை படும் பாட்டை நீங்கள் பார்க்கவேண்டும்.

யாழ்ப்பாணம் ரவுணில் நீங்கள் போட்டிக்காரன் என்று திட்டுவீர்களே, அந்தக் கொட்டகை இப்போது ரியூட்டரி. திரை இருந்த இடத்தில் கரும்பலகை. பெட்டைகள் பல்கனியில், பொடியன்கள் கலரியில். மாஸ்டர் கரும்பலகையைத் துடைக்கத் திரும்பினால், கலரியில் இருந்து விசில் அடிக்கிறார்கள். இடத்தின் வாசி அப்படி. சுன்னாகம் பக்கத்துக் கொட்டகையில் வெங்காயம் கட்டிவைத்திருக்கிறார்கள். முன்பு சோகப் படத்துக்கு அழுத சனம் இப்போது வெங்காயத்துக்கு அழுகிறது. சாவகச்சேரிப் பக்கம் ஒன்றின் கூரைத் தகரமெல்லாம் சனம் பதுங்குகிற பங்கருக்குப் போய்விட்டது. ஆடுகள் முதலாம் வகுப்பில் படுத்திருந்து அசை போடுகின்றன. கடற்கரைப் பக்கத்துக் கொட்டகையில் திரை கட்டிய கம்பியில் வலை காயப்போட்டிருக்கிறார்கள்.

எங்கள் கட்டடம் நிற்கிறது. கவலைப்பட ஒன்றுமில்லை. அம்மாவும் நன்றாகவே இருக்கிறா.

அருந்ததி உங்களுக்கும் மாமிக்கும் அன்பு சொல்லச் சொன்னாள்.

என்றும் மறவாத தங்கை
குணலட்சுமி

---

சிவமயம்

ரொறன்ரோ
19.09.1993

அன்புத் தங்கை குணலட்சுமிக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகம் நீ எழுதித்தான் தெரியவேண்டும், ஆனால் நீ எழுதுவதில் எதைத்தான் தெரிந்துகொள்ள முடிகிறது?

பட்டுக்கோட்டைக்கு வழி கேட்டால் கொட்டைப்பாக்கு விலை சொல்கிறாய். சாவகச்சேரி ஆடு எந்த வகுப்பில் படுத்தால் எனக்கென்ன? நான் கேட்டது எங்கள் கொட்டகையை. "நிற்கிறது" என்று ஒரு சொல். பனைமரமும்தான் நிற்கிறது.

உன்னைக் கேட்காமலே எனக்கு இங்கே செய்தி வருகிறது. போன கிழமை ஒரு கலியாண வீட்டில் ஊரிலிருந்து புதிதாக வந்து இறங்கிய ஒருவரைச் சந்தித்தேன். கரவெட்டி என்றதும், "அங்கை கொட்டகையடியிலை வெள்ளிக்கிழமையிலை சனம் சொல்லி மாளாது, அண்ணை. வரிசை றோட்டு வரைக்கும் நிக்கும்" என்றார். அதற்குள் யாரோ வந்து மணமக்களை வாழ்த்தக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். திரும்பி வந்து இன்னும் ஒன்று சொன்னார். உள்ளே போகிறவர்கள் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போகிறார்களாம்.

குணலட்சுமி, உண்மையைச் சொல். ஜெனரேற்றர் வைத்து என் கொட்டகையில் யார் படம் ஓட்டுகிறார்கள்? ஐயாவின் காலத்தில்கூட வரிசை றோட்டுக்கு வந்ததில்லை. செருப்பைக் கழற்றச் சொல்கிறான் என்றால் நிலத்துக்குக் கம்பளம் விரித்திருக்கிறான். எவ்வளவு பெரிய முதலாளி! அப்படி என்ன படம் ஓடுகிறது?

பொன்னம்பலத்தார் காதுக்கு இது போவதற்குள் எனக்கு எழுது. கட்டடத்தில் வில்லங்கம் என்று தெரிந்தால் அந்த மனுசன் பேச்சை முறித்துவிடுவார்.

அண்ணன்
தம்பிராசா

---

சிவமயம்

கரவெட்டி
20.12.1993

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தில் கோபம் தெரிந்தாலும் கையெழுத்து உறுதியாக இருந்ததில் சுகமாக இருக்கிறீர்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். நாங்களும் சுகம். மார்கழி மழைக்கு அருந்ததிக்கு மட்டும் கொஞ்சம் தடிமன், தும்மல்.

அம்மாமேல் ஆணை, கொட்டகையில் ஒருவரும் படம் ஓட்டவில்லை. விளக்குக்கு மண்ணெண்ணெய் இல்லாத ஊரில் ஜெனரேற்றருக்கு எங்கே போவது?

ஒன்று சொல்லவேண்டும். தொண்ணூறில் கீரிமலைப் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்த சனத்துக்கு நான்தான் கொட்டகையைத் திறந்துவிட்டேன். மழையில் நனைந்து, கைக்குழந்தைகளோடு வாசலில் நின்றார்கள். நீங்கள் நின்றிருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள். சேலையை மறைப்பாகக் கட்டிக் குடும்பம் குடும்பமாக இருக்கிறார்கள். அதிலும் பல்கனி கிடைத்தவர்களுக்கு ஒரு எடுப்பு. கலரிக்காரர் அடுப்புப் புகை மேலே வருகிறதாம், அது தங்களுக்கு ஆகாதாம். இந்த வழக்கையெல்லாம் தீர்ப்பது அன்னப்பிள்ளை அக்கா. கீரிமலையில் பெரிய வளவும் வீடும் விட்டுவந்த மனுசி. இப்போது நாங்கள் படம் ஓட்டிய ஒப்பறேற்றர் அறையில் இருக்கிறா.

வெள்ளிக்கிழமைகளில் வேலைவெட்டி இல்லாத சனம் கூடுவதும் கதைப்பதும் உண்டு. அதைப் பெரிதாக எடுக்காதீர்கள்.

பொன்னம்பலத்தார் கட்டடத்தை வந்து பார்க்கவேண்டும் என்று ஆள்மேல் ஆள் அனுப்புகிறார். ஆடி கூடாது என்றேன். பிறகு புரட்டாதி கூடாது என்றேன். இப்போது மார்கழி என்கிறேன். தையில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. குகதாசன் நல்ல பிள்ளை, அண்ணை. போன மாதம் அருந்ததி படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கு ஏதோ அலுவலாக வந்ததாகச் சொன்னாள். அன்று முழுவதும் இவள் சோற்றுக்கு உப்புப் போட மறந்துபோனாள்.

தங்கை
குணலட்சுமி

---

சிவமயம்

ரொறன்ரோ
06.03.1994

குணலட்சுமிக்கு,

உடம்பு சுகம். மனம் சுகமில்லை.

இடம்பெயர்ந்த சனத்துக்குக் கொட்டகையைக் கொடுத்ததை நான் பிழை சொல்லவில்லை. அதை மூன்று வருடம் ஒளித்ததைத்தான் சொல்கிறேன். அதை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் வேறு ஒன்று நடந்துவிட்டது.

நேற்று மரக்கறி வாங்க எங்கள் ஆட்களின் கடை ஒன்றுக்குப் போனேன். புதுக் கடை. நடத்துகிறவள் பத்மாசினி என்று ஒரு பிள்ளை. காசு மேசைக்கு மேலே ஒரு படம், அதைச் சுற்றி எரிந்து எரிந்து நூரும் சின்ன பல்புகள், ஊதுவத்தி, பூமாலை. கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன். பட்டுச் சேலை, மூக்குத்தி, நெற்றி நிறையக் குங்குமம். ஒரு கையில் ரோச்லைற். மற்றக் கை "நில்லடா" என்று மறித்தபடி.

என் கையிலிருந்த கத்தரிக்காய்ப் பை விழுந்துவிட்டது.

"அண்ணை, செருப்போடை கிட்ட நிக்காதையுங்கோ. உவ கொட்டகையடி அம்மன். பொல்லாத சக்தி. உவவுக்கு நேந்துதான் எனக்கு இஞ்சை இருக்கிறதுக்குப் பேப்பர் கிடைச்சது" என்றாள்.

"பிள்ளை, உவ என்ரை அம்மா!" என்றேன்.

"ஓம் அண்ணை. எல்லாருக்கும் உவதானே அம்மா" என்று சொல்லி, என் நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள். கடையில் நின்ற இன்னும் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

உன் மச்சாள் நேற்றுத் தொடக்கம் சிரிக்கிறாள். உயிரோடு இருந்தபோது அவளும் அம்மாவும் ஒரு நாளும் ஒத்துப்போனதில்லை. இப்போது "பேசாமல் ஒரு படம் வாங்கி வந்திருக்கலாமே, பழைய கணக்கைத் தீர்த்திருப்பன்" என்கிறாள்.

என்ன நடந்தது என்று ஒன்றும் விடாமல் எழுது. எழுதாவிட்டால் இனி நான் கடிதம் போடமாட்டேன்.

தம்பிராசா

---

சிவமயம்

கரவெட்டி
05.06.1994

அன்புள்ள அண்ணைக்கு,

நாங்கள் இருவரும் சுகம். உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு அழுதேன். பிறகு திரும்பவும் சிரித்தேன். அருந்ததி எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று பயந்துபோனாள்.

நான் செய்ததெல்லாம் இவ்வளவுதான். தொண்ணூறாம் ஆண்டு அம்மாவின் திவசம் வந்தது. எங்கள் வீட்டில் செல் விழுந்தபோது அம்மாவின் படம் எரிந்துபோனது உங்களுக்குத் தெரியும். படம் இல்லாமல் எங்கே விளக்கு வைப்பது? கொட்டகை வாசலில் முழு ஆளாகவே நிற்கிறாவே என்று போனேன். சிலையைக் கழுவி, ஒரு சேலை உடுத்தி, பொட்டு வைத்து, வாழையிலையில் படைத்து, விழுந்து கும்பிட்டேன். எழும்பிப் பார்த்தால், எனக்குப் பின்னால் இடம்பெயர்ந்த சனம் முழுவதும் விழுந்து கிடக்கிறது. ஊர் ரீச்சரே கும்பிடுகிறா என்றால் இது இந்த ஊர்க் காவல் தெய்வம் என்று நினைத்துவிட்டார்கள். பெயர்ப் பலகை எப்போதோ பங்கருக்குப் போய்விட்டது. உயர்த்திய கையைப் பார்த்தார்கள், அபயம் தருகிற கை என்றார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். அடுத்த நாள் காலை சொல்லத்தான் போனேன். காணாமற்போன தன் மகன் அன்று விடியத் திரும்பி வந்தான் என்று ஒரு தாய் சிலையின் காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அவளிடம் போய், "இது ரிக்கற் கிழித்த எங்கடை அம்மா" என்று நான் எப்படிச் சொல்ல?

ஊர்ச்சனத்துக்குத் தெரியும். ஆனால் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதலில் இடம்பெயர்ந்த சனத்தின் மனம் நோகும் என்று பேசாமல் இருந்தார்கள். பிறகு இரண்டொரு பேருக்கு நேர்த்தி பலித்துவிட்டது. அதற்குப் பிறகு அவர்கள்தான் வரிசையில் முன்னுக்கு. ஐயர் முதலில் வரமாட்டேன் என்றார். இப்போது கேட்காமலே வருகிறார். கையில் இருப்பது என்ன ஆயுதம் என்று அவருக்கே குழப்பம். கடைசியில் தீப்பந்தம் என்று முடிவாகிவிட்டது. பற்றறிக்குத் தடை உள்ள ஊரில் ஒரு ரோச்லைற்றுக்குத் தினமும் பூசை நடக்கிறது, அண்ணை.

இனி நான் என்ன செய்ய? கொட்டகையை எழுதிக் கொடுக்காவிட்டால் கலியாணம் இல்லை. கொடுத்தால், அவ்வளவு சனத்தையும் அம்மாவையும் றோட்டில் விட்டவள் ஆவேன். அருந்ததிக்கும் வயது போகிறது. வாய் திறந்து ஒன்றும் கேட்கமாட்டாள். கேட்டுச் சண்டை பிடித்தால் நானும் இரண்டு சொல்லி ஆறிவிடுவேன்.

பொன்னம்பலத்தார் இனிப் பொறுக்கமாட்டாராம். வருகிற வெள்ளிக்கிழமை கட்டடம் பார்க்க வருகிறார். நாள் பார்த்து வெள்ளிக்கிழமைதான் வருகிறார்!

தங்கை
குணலட்சுமி

---

சிவமயம்

கரவெட்டி
13.06.1994

அன்புள்ள அண்ணைக்கு,

முதல் கடிதம் இன்னும் கிளாலிக் கடலைத் தாண்டியிருக்காது. அதற்குள் இதை எழுதுகிறேன். சுகத்துக்குக் குறைவில்லை.

பொன்னம்பலத்தார் வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மேசனையும் அளவு நாடாவையும் கொண்டு மாட்டுவண்டியில் வந்து இறங்கினார். வாதக் காலைத் தூக்கித் தூக்கி வைத்தபடி, "வாசலிலை என்ன ரீச்சர் பொங்கல் புகை?" என்றார். நான் பதில் சொல்லுமுன், அந்தப் புகைக்குள்ளிருந்து அகப்பையோடு எழும்பி வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அவருடைய மனைவி இராசமலர்!

"நீங்கள் இஞ்சை ஏன் வந்தனீங்கள்?" என்று அவர் கேட்க, "அதை நானல்லோ கேக்கவேணும்? கோயில் வாசல் மிதிக்காத மனுசன் இண்டைக்கு எப்பிடி வந்தியள்?" என்று அவ கேட்க, சனம் முழுவதும் சுற்றி நின்று பார்த்தது.

அண்ணை, அந்த மனுசன் பிறந்த நாளிலிருந்து கோயிலுக்குப் போனதில்லை. அந்த மனுசி படம் பார்ப்பது பாவம் என்று கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. வெள்ளிக்கிழமைதோறும் கரவெட்டி அம்மன் கோயிலுக்குப் போகிறேன் என்பா. அவர் சரி என்பார். கட்டிய நாளிலிருந்து ஒரே வீட்டில் இருந்துகொண்டு, ஒரே கட்டடத்தைத்தான் இருவரும் இரண்டு பெயரில் சொல்லியிருக்கிறார்கள்.

விசயம் விளங்கியதும் இராசமலர் அகப்பையை ஓங்கிவிட்டா. "உந்தக் கோயிலையோ சீதனமாக் கேட்டனியள்? ஜேர்மனிக்குப் போன சின்னவன்ரை கடிதம் வராமல் நான் துடிச்சபோது, நேந்த கிழமையே கடிதம் தந்தவ உவ! சிவன் சொத்து குலநாசம் எண்டு தெரியாதோ?"

பொன்னம்பலத்தார் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். மேசனை அனுப்பிவிட்டு, விழுந்து கும்பிட்டார். எழும்பும்போது சிலையின் முகத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். என்னை ஒரு ஓரத்துக்குக் கூப்பிட்டு, "ரீச்சர், உவ ஞானாம்பிகையக்கா அல்லோ? பொடியனா இருக்கேக்கை ரிக்கற் இல்லாமல் புகுந்து எத்தினை தரம் உந்தக் கையாலை குட்டு வாங்கியிருப்பன்!" என்றார்.

இனிப் பொய் சொல்லி என் பிள்ளைக்கு ஒரு வாழ்வு வேண்டாம் என்று தோன்றியது. "ஓம்" என்றேன். கலியாணப் பேச்சு அந்த இடத்திலேயே முறியப்போகிறது என்றுதான் நினைத்தேன்.

அவரோ சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "இராசமலருக்குச் சொல்லிப்போடாதையுங்கோ. வெள்ளிக்கிழமையிலைதான் எனக்கு வீட்டிலை கொஞ்சம் நிம்மதி" என்றார்.

ஆனால் அந்த மனுசன் லேசுப்பட்டவரா? போகும்போது, கொட்டகை வேண்டாம், அதற்குப் பதிலாகத் தேர்த் திருவிழாவின் உபயத்தைத் தன் குடும்பத்துக்கு நிரந்தரமாக எழுதித் தரவேண்டும் என்றார். கோயில் திருவிழாவைப் பல்கனிக்காரர், கலரிக்காரர், இரண்டாம் வகுப்புக்காரர் என்று பிரித்து எடுத்துவிட்டார்கள். தேர்த் திருவிழாவை மட்டும் சண்டைக்குப் பயந்து அன்னப்பிள்ளை அக்கா ஒருவருக்கும் கொடுக்கவில்லை. சொந்தக்காரர் நீங்கள். நீங்கள் எழுதித் தந்தால் தையில் கலியாணம். ஒரு வரி எழுதி அனுப்புங்கள், அண்ணை. எங்கள் பிள்ளை கரை சேர்ந்துவிடுவாள்.

தங்கை
குணலட்சுமி

---

சிவமயம்

ரொறன்ரோ
02.10.1994

அன்புத் தங்கை குணலட்சுமிக்கு,

இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. இரண்டாவதை முதலில் வாசித்துத் தலை சுற்றியது. மற்றபடி சுகம். உங்கள் சுகத்துக்கும் வேண்டுகிறேன்.

நடந்தது நடந்துவிட்டது. அம்மா தெய்வம் ஆனதில் எனக்கு ஒரு மனவருத்தமும் இல்லை. உள்ளுக்குப் பெருமை என்றுகூடச் சொல்லலாம். ஆனால் ஒன்று கேட்கிறேன். பல்கனிக்காரருக்கு ஒரு திருவிழா. கலரிக்காரருக்கு ஒரு திருவிழா. சாமியைப் பெற்ற, இல்லை, சாமி பெற்ற ஒரே ஆண் பிள்ளை எனக்கு என்ன திருவிழா? ஒரு பூசையாவது என் பெயரில் நடந்ததா? அர்ச்சனை செய்கிற ஐயருக்கு என் நட்சத்திரம் தெரியுமா?

தேர்த் திருவிழாவைப் பொன்னம்பலத்துக்குக் கொடுப்பதா? ரிக்கற் இல்லாமல் புகுந்து அம்மாவிடம் குட்டு வாங்கியவன் அம்மாவின் தேருக்கு உபயகாரனா? நான் உயிரோடு இருக்கும்வரை நடக்காது. தேர் எனக்குத்தான். அவர் வேண்டுமானால் பூங்காவனத் திருவிழாவை எடுக்கட்டும். அதற்கு ஒப்புக்கொண்டால் கையெழுத்து வைக்கிறேன். இல்லாவிட்டால் வைக்கமாட்டேன் என்று அவருக்குச் சொல்லு.

இங்கே பத்மாசினியும் வேறு சிலரும் சேர்ந்து அம்மனுக்கு ஒரு சபை தொடங்கியிருக்கிறார்கள். என்னைப் பொருளாளராக இருக்கச் சொல்லிக் கேட்டார்கள். ஏதோ என் முகத்தில் அம்மனின் களை இருக்கிறதாம்!

அருந்ததிக்கு என் ஆசீர்வாதம்.

அண்ணன்
தம்பிராசா

---

சிவமயம்

கரவெட்டி
12.02.1995

அன்புள்ள மாமாவுக்கு,

நீங்களும் மாமியும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நானும் அம்மாவும் சுகம். சண்டை நின்றதில் ஊரில் ஓரளவு சாமான்கள் வருகின்றன. கடையில் சவர்க்காரத்தை மணந்து பார்த்துவிட்டுச் சனம் சும்மா போகிறது.

அம்மா எழுதமாட்டேன் என்று பேனாவை என் கையில் தந்துவிட்டா. நீங்கள் தேர் என்றீர்கள். பொன்னம்பலம் மாமாவும் தேர் என்றார். பூங்காவனம் என்று அம்மா சொல்லப் போனபோது, அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டார். தை பிறந்தது. ஒருவரும் இறங்கிவரவில்லை. நான் இவ்வளவு காலமும் வாய் திறக்கவில்லை, மாமா. பெரியவர்கள் என் நன்மைக்குத்தான் செய்கிறார்கள் என்று இருந்தேன். ஆனால் இரண்டு பேரும் என்னை மறந்துவிட்டீர்கள் என்று விளங்கியபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

நான் குகதாசனுக்கு ஆள் அனுப்பினேன். அவர் சைக்கிளில் வந்து வாசலில் நின்று, "அருந்ததி, உந்தக் கோயிலிலை தேர் எங்கை நிக்குது?" என்று கேட்டார். தேர் இல்லை என்றேன். "தேரோட வீதி?" அதுவும் இல்லை என்றேன். "இல்லாத தேருக்கு ரெண்டு பேர் வடம் பிடிக்கினம். நாங்கள் எங்கடை அலுவலைப் பார்ப்பம்" என்றார்.

போன வெள்ளிக்கிழமை கொட்டகை வாசலில், அம்மம்மாவுக்கு முன்னால், எங்களுக்குக் கலியாணம் நடந்தது. சீதனம் என்று ஒன்றும் இல்லை. இராசமலர் மாமி முன்னுக்கு நின்று நடத்தினா. பொன்னம்பலம் மாமா வரமாட்டேன் என்றவர், அம்மன் சந்நிதியில் நடக்கும் கலியாணத்தைக் குழப்பினால் என்ன வரும் என்று மாமி சொன்ன பிறகு முதல் ஆளாக வந்து அட்சதை போட்டார். உங்களைக் கேட்காமல் செய்ததற்குக் கோபிக்காதீர்கள், மாமா. கேட்டிருந்தால் பதில் வர ஆடி ஆகியிருக்கும். ஆடியில் கலியாணம் செய்வதில்லை.

இன்னும் ஒன்று எழுதவேண்டும். பொய்யை வைத்துக்கொண்டு அவ்வளவு சனத்தின் கையால் அட்சதை வாங்க எனக்கு மனம் வரவில்லை. கலியாணத்துக்கு முதல்நாள் அன்னப்பிள்ளை ஆச்சியிடம் போய், அது அம்மன் இல்லை, என் அம்மம்மா என்று சொல்லிவிட்டேன். அடிப்பாவோ என்று பயந்துகொண்டு நின்றேன்.

ஆச்சி வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தா. "தெரியும் பிள்ளை. வந்த கிழமையே தெரியும். கையிலை ரோச்லைற் வைச்சிருக்கிற அம்மனை ஆர் கண்டது? கொம்மா தன்ரை தாய்க்குத் திவசம் படைச்சது எங்களுக்கு விளங்காதோ?" என்றா.

அப்படியானால் ஏன் கும்பிட்டீர்கள் என்று கேட்டேன்.

"ஓடி வரேக்கை உடுத்த துணியோடை வந்தனாங்கள். எங்கடை அம்மாக்களின்ரை படமெல்லாம் சுவரிலை அப்பிடியே தொங்குது. திவசம் வந்தா நாங்கள் எங்கை விளக்கு வைக்கிறது? கொம்மா கும்பிட்டது தன்ரை தாயை. நான் கும்பிட்டது என்ரை தாயை. பிறகு வந்த சனம்தான் அம்மன் எண்டது. எங்களுக்குப் பிழையாத் தெரியேல்லை."

மாமா, நான் அந்த இடத்திலேயே இருந்து அழுதுவிட்டேன்.

சண்டை இனி வராது, சீக்கிரம் ஊருக்குப் போகலாம் என்று எல்லோரும் சாமான்களைக் கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். போகும்போது அம்மம்மாவையும் கீரிமலைக்குக் கொண்டுபோகலாமா என்று உங்களைக் கேட்டு எழுதச் சொன்னா ஆச்சி. மாட்டுவண்டியில் வைக்கோல் போட்டுப் படுக்கவைத்துக் கவனமாகக் கொண்டுபோவார்களாம். நான் என்ன சொல்ல?

உங்கள் அன்பு மருமகள்
அருந்ததி குகதாசன்

---

சிவமயம்

ரொறன்ரோ
03.04.1995

அன்பு மருமகள் அருந்ததிக்கும் மருமகன் குகதாசனுக்கும்,

நீங்கள் இருவரும் நூறு வயதுக்குச் சுகமாக இருக்கவேண்டும். நாங்கள் சுகம். உன் கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். அம்மாவின் பெயரைச் சொல்லி அவள் அழுததை இன்றுதான் பார்த்தேன்.

தேர் விசயத்தில் என்னை மன்னித்துக்கொள். பொன்னம்பலத்தாரிடமும் சொல்லு. கொட்டகை உறுதியை உன் பெயருக்கு மாற்றி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். சீதனம் இல்லை, மாமன் பரிசு. அந்தச் சனம் இருக்க விரும்பும்வரை அங்கேயே இருக்கட்டும்.

ஆச்சி கேட்டதற்குப் பதில் இது. அம்மாவுக்குக் கீரிமலைத் தீர்த்தக் கேணியில் ஒரு முறை முழுகவேண்டும் என்று எவ்வளவு ஆசை தெரியுமா? ஒவ்வொரு ஆடி அமாவாசைக்கும் சேலை மடித்து வைத்துக்கொண்டு ஐயாவைக் கேட்பா. "இண்டைக்கு ரெண்டு ஆட்டம் இருக்கு, வாசலிலை ஆர் நிக்கிறது?" என்பார் ஐயா. அம்மா சேலையைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வாசலுக்குப் போவா. கடைசிவரை போகவே இல்லை.

என்னைக் கேட்கவேண்டியதில்லை, பிள்ளை. கொண்டுபோகச் சொல்லு.

அன்பு மாமா
தம்பிராசா